கனரகப் பிரிவில் ஒரு காலி இடம்

இந்த சீசனில் எப்படியாவது மேடை ஏறிவிடுவது என்று நான் சபதம் எடுத்தபோது எனக்கு வயது நாற்பத்தாறு. எடை தொண்ணூற்றொரு கிலோ. தொப்பையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் அது எங்கே போனாலும் எனக்குச் சற்று முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடும்.

என்ன மேடை என்று கேட்பீர்கள். மலை சைக்கிள் பந்தய மேடை. காட்டுக்குள்ளே மேடு, பள்ளம், வேர், பாறை, சேறு என்று ஒன்றுவிடாமல் தேடிப்பிடித்து, அதன்மேல் சைக்கிளை விட்டுச் சுற்றுச் சுற்றாக ஓட்டுகிற பந்தயம். நிம்மதியான ஞாயிற்றுக்கிழமையைக் கெடுப்பதற்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். சீசனுக்கு ஐந்து பந்தயம். பிரிவுக்கு முதல் மூன்று பேருக்கு மேடை. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அந்த 'யார் வேண்டுமானாலும்' நான்தான்.

இதற்கெல்லாம் மூலகாரணம் என் சகலை. மனைவியின் அக்கா வீட்டுக்காரர். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி, அதில் ஏழு கோப்பை. ஏழில் ஒன்றுகூட எழுந்து நின்று வாங்கியது கிடையாது. மூன்று கேரம், இரண்டு சதுரங்கம், ஒன்று வினாடி வினா. ஏழாவது எதற்கென்று அவருக்கே ஞாபகமில்லை. ஆனால் நான் போகும்போதெல்லாம் அந்த அலமாரிக்கு நேர் எதிரே இருக்கிற நாற்காலியைத்தான் இழுத்துப் போடுவார்.

"சகலை, நீங்க வாழ்க்கையில ஏதாவது ஜெயிச்சிருக்கீங்களா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"ஏன், உங்க மச்சினியை ஜெயிச்சேனே."

"அது நீங்க ஜெயிச்சதில்ல. அவ தோத்தது."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது என் மனைவி. எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. சீசன் முடிவதற்குள் மேடையில் நிற்கிற போட்டோவோடு வருகிறேன், வராவிட்டால் இந்த நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நாற்காலியும் கூடவே எழுந்து வந்தது. கைப்பிடிகளுக்கு நடுவே சிக்கியிருந்த என்னைக் கழற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

என் மனைவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துகிற உத்தியோகம். இரும்பு எடைக்கற்களை ஒரு பச்சைப் பையில் போட்டுக்கொண்டு அவள் தெருமுனையில் திரும்பினால் போதும், பாதி வியாபாரிகள் கடைக் கதவை இழுத்துச் சாத்திவிடுவார்கள். வீட்டில் நான் ஒரு பொய் சொன்னால், அது எத்தனை கிராம் பொய் என்று சொல்லிவிடுவாள். இப்படிப்பட்டவளோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய நான், அவளை ஏமாற்ற ஒரு திட்டம் போட்டேன் என்றால் என் துணிச்சலை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பந்தயத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் ஓட்டினேன், மொத்தம் நாலு சுற்று. அந்தப் பந்தயத்தில் ஒரு கொடுமையான விதி உண்டு. முதலில் போகிறவன் உங்களை ஒரு முழுச் சுற்று முந்துகிற நிலைமை வந்துவிட்டால், விசில் அடித்து உங்களை ஓரங்கட்டிவிடுவார்கள். எனக்கு இரண்டாவது சுற்றிலேயே விசில் அடித்துவிட்டார்கள். அடித்தவருக்கு என் அப்பா வயது இருக்கும். "போதும்ப்பா, உனக்கும் குடும்பம் இருக்கும்" என்றார்.

இரண்டாவது பந்தயத்தில் விசில் அடிக்கிற வேலையை அவருக்கு வைக்கவில்லை. பாதி மேட்டிலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது. சைக்கிளோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். மேட்டின் கீழே தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்த மனைவி ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. முதலுதவிக் கூடாரத்து டாக்டர் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

"எட்டு கிலோ குறைக்கணும்மா. சீக்கிரம்."

வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அவள் தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்துக்கொண்டே வந்தாள். எனக்கே சங்கடமாகிவிட்டது.

"எட்டு கிலோதானே? குறைச்சிடறேன்."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னீங்க. அப்ப நாலு கிலோ சொன்னாங்க."

"இந்தத் தடவை நிஜமா."

"உங்க நிஜத்தை நான் பார்த்திருக்கேங்க," என்றாள். உங்களிடம் மறைப்பானேன், அன்றைக்கு அவள் பயந்துபோயிருந்தாள். நான் கவனிக்கவில்லை. நான் சகலையின் அலமாரியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பந்தயத்தில் புறப்பட்ட நூறாவது அடியில் செயின் அறுந்தது. சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பி வந்தபோது, சும்மா இருக்க வேண்டாமே என்று விதிமுறைத் தாளை வாசித்தேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். பொடி எழுத்தை வாசிக்கச் சொல்லிப் பிறரை மிரட்டிப் பிழைக்கிறவன். தாளின் அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி இருந்தது.

'கனரகப் பிரிவு: தொண்ணூற்றைந்து கிலோவும் அதற்கு மேலும். இரண்டே சுற்று. பந்தயத்தன்று காலையில் எடை பார்க்கப்படும்.'

முடிவுப் பலகைக்கு ஓடினேன். கனரகப் பிரிவில் சீசன் முழுக்க ஓட்டுவது இரண்டே பேர். ஒருவர் பேக்கரிக்காரர், நூற்றுப் பத்து கிலோ. இன்னொருவர் லாரி மெக்கானிக், நூற்று நாலு. மேடையில் படி மூன்று. மூன்றாவது படியில் ஒவ்வொரு தடவையும் ஆளில்லாமல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தப் படி என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் செய்ய வேண்டியது இரண்டே காரியம். நாலு கிலோ ஏற வேண்டும். உயிரோடு இரண்டு சுற்று முடிக்க வேண்டும். கடைசிப் பந்தயத்துக்கு எட்டு வாரம் இருந்தது. நடுவே வந்த நாலாவது பந்தயத்துக்குக் கணுக்கால் சுளுக்கு என்று சொல்லிவிட்டேன்.

மனைவியிடம் நான் சொன்னது வேறு.

"இன்னைலேர்ந்து பத்தியம். வேகவெச்ச காய்கறி மட்டும் போடு."

"நிஜமாவா?"

"டாக்டர் சொன்னா கேக்கணுமில்ல?"

அவள் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். கடைக்காரனின் எடைக்கல்லைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது இப்படித்தான் பார்ப்பாள். பிறகு பீர்க்கங்காயை நறுக்கப் போய்விட்டாள்.

வீட்டில் பீர்க்கங்காய். கடையில் கேக். காலை பதினொரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, கடை சாத்தும்போது வழிச்செலவுக்கு ஒன்று. கண் பரிசோதிக்க வந்த ஒரு அம்மாள், பலகையில் முதல் எழுத்து தெரியவில்லை என்றாள். பார்த்தால் என் கிரீம் அதன்மேல் ஒட்டியிருந்தது.

எங்கள் குளியலறையில் பழைய ஸ்பிரிங் தராசு ஒன்று உண்டு. பாட்டரித் தராசை அவள் நம்பமாட்டாள். மடித்த துண்டுகளை அதன்மேல் அடுக்கி வைத்திருப்பாள். சனிக்கிழமை காலையில் துண்டுகளை அவளே எடுத்து வைத்துவிட்டு, "ஏறுங்க, பார்ப்போம்" என்பாள். நான் ஏறுவேன். முதல் சனிக்கிழமை தொண்ணூற்றிரண்டரை. இரண்டாவது, தொண்ணூற்றுநாலு. மூன்றாவது, தொண்ணூற்றைந்தரை.

"என்னங்க இது, பத்தியம் இருக்க இருக்க ஏறுது?" என்று அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் ஒண்ணும் புரியலை," என்றேன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இங்கேதான் எனக்குப் புத்தி அதிகமாக வேலை செய்தது. எடை வந்துவிட்டது. இனி மூன்றாவது படி கையில். ஆனால் மூன்றாவது ஏன், இரண்டாவதாக வந்தால் என்ன? மேட்டில் ஒவ்வொரு கிலோவும் எதிரி. பேக்கரிக்காரர் நூற்றுப் பத்தைச் சுமக்க வேண்டும், மெக்கானிக் நூற்று நாலை. நான் மட்டும் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஒரு கிராம்கூடப் போகாமல் நின்றுவிட்டால், கனமானவர்களிலேயே நான்தான் லேசானவன். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த அன்று கடையில் என் முதுகை நானே தட்டிக்கொள்ளப் பார்த்தேன். கை எட்டவில்லை.

கேக்கை நிறுத்தினேன். அடுத்த சனிக்கிழமை தராசு தொண்ணூற்றாறரை காட்டியது. இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினேன். தொண்ணூற்றேழு. காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக மேடு ஏறினேன். தொண்ணூற்றாறேமுக்கால். சர்க்கரையை விட்டேன், எண்ணெயை விட்டேன், பீர்க்கங்காயை நானாகவே இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். அந்தப் பாழாய்ப்போன முள் தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கவும் இல்லை, தொண்ணூற்றேழைத் தாண்டவும் இல்லை. நானும் அதுவும் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றோம்.

ஒரு சின்ன உறுத்தல் மட்டும் இருந்தது. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. அவளே கவனித்துவிட்டாள்.

"பேண்ட் தொளதொளன்னு இருக்கே?"

"துணி விட்டுப்போச்சு போல."

"அது இல்லீங்க. நீங்க தினம் மேடு ஏறறீங்க இல்ல? கொழுப்பு போய் தசை ஆகுது. தசைக்கு எடை ஜாஸ்தி, இடம் கம்மி. இரும்பையும் பஞ்சையும் பாருங்க."

எடைகளைப் பற்றி அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள் சொல்கிறாள். நம்பாமல் என்ன செய்வது? கண்ணாடி முன்னால் நின்று என் தொடையைத் தட்டிப் பார்த்தேன். இரும்பு மாதிரிதான் இருந்தது.

கடைசி வாரத்தில் எனக்கு வேறொரு பயம் பிடித்தது. நம் உடம்பு சரி, பந்தயத் திடலில் வைக்கிற தராசு சரியா? புல்தரையில் கோணலாக வைத்துவிட்டு அரைக் கிலோ குறைத்துக் காட்டினால் என் கதி என்ன? நேராகப் பந்தயச் செயலாளரிடம் போனேன்.

"என் மனைவியே எடை அளவு ஆய்வாளர். பச்சைப் பையோட வந்து உங்க தராசைச் சோதிச்சு முத்திரை குத்திடுவா. அப்புறம் ஒருத்தனும் வாய் திறக்க முடியாது."

அவர் நெகிழ்ந்துபோனார். அவளிடம் சொன்னபோது கொஞ்சம் தயங்குவாள், ஏன் எதற்கு என்று குடைவாள் என்று எதிர்பார்த்தேன்.

"தாராளமா வர்றேன்," என்றாள். "கடமைன்னு ஒண்ணு இருக்கில்ல."

பந்தயத்தன்று காலை வீட்டுத் தராசில் தொண்ணூற்றைந்து புள்ளி நாலு. இதற்குமேல் துல்லியம் கிடையாது. திடலில் அவள் முட்டி போட்டு உட்கார்ந்து, மட்டம் பார்த்து, எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கி, தராசுக்கு முத்திரை குத்தினாள். செயலாளர் கைதட்டினார். பேக்கரிக்காரர் ஏறினார், நூற்றுப் பதினொன்று. மெக்கானிக் ஏறினார், நூற்று மூன்று. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினேன்.

"எண்பத்திமூணு," என்றார் செயலாளர்.

"சரியாப் பாருங்க சார்."

"எண்பத்திமூணு சார். முழுசா."

இறங்கி மறுபடி ஏறினேன். தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஒரு குதி குதித்தேன். முள் எண்பத்திநாலு வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புவதுபோலத் திரும்பி வந்தது.

"இந்தத் தராசு தப்பு," என்றேன்.

செயலாளர் முத்திரையைக் காட்டினார். "உங்க வீட்டம்மா குத்தினதுதானே சார்?"

அவள் அதிகாரி முகத்தோடு நின்றிருந்தாள். "ஆட்சேபணை இருந்தா எழுதிக் கொடுக்கலாம்."

"யாருக்கு எழுதணும்?"

"ஆய்வாளருக்கு."

"ஆய்வாளர் யாரு?"

"நான்தான்," என்றாள்.

வரிசையில் நின்றவர்கள் சிரிக்காமல் இருக்க வானத்தைப் பார்த்தார்கள். அவளை ஒரு மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"என்ன பண்ணே நீ?"

"விதிமுறைத் தாளைச் சட்டைப் பையிலேயே வச்சுத் துவைக்கப் போட்டீங்க. நான் எடுத்துக் காயவச்சேன். கனரகப் பிரிவுக்கு அடியில நீங்க ரெண்டு கோடு போட்டிருந்தீங்க."

"வீட்டுத் தராசு?"

"அடியில ஒரு சின்னச் சக்கரம் இருக்கு. வாராவாரம் திருப்பினேன். யாரும் ஏறாதப்பவே அது பன்னெண்டரை கிலோ காட்டுச்சு. நீங்க ஏறினப்புறம்தான் குனிஞ்சு பார்ப்பீங்க. நடுவுல முள்ளு உங்க கண்ணுல படக்கூடாதுன்னுதான் துண்டை அடுக்கி வச்சேன்."

"தராசைத் திருப்பினவனுக்கெல்லாம் நீ அபராதம் போடறவ. உனக்கே இது அடுக்குமா?"

"வியாபாரத் தராசுதாங்க எங்க சட்டத்துல வரும். குளியலறைத் தராசு வராது. பார்த்துட்டுத்தான் செஞ்சேன்."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னைக்கு அந்த மேட்டுல நீங்க உட்கார்ந்திருந்த கோலத்தை நான் இன்னும் மறக்கலை. குறைங்கன்னு சொன்னா குறைக்கமாட்டீங்க. ஏறிட்டீங்கன்னு காட்டினா தானா குறைச்சீங்க. டாக்டர் எட்டு கிலோ கேட்டார். தொண்ணூத்தொண்ணுல எட்டு போனா எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க."

சொல்லவில்லை. சொன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கோபமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்தோடு முறைத்துக்கொண்டிருக்கும்போது, எனக்காக ஓடி வந்தவள் இவள் ஒருத்திதான் என்பதும் நினைவுக்கு வந்து தொலைத்தது.

"சரி, மூணாவது படி காலியாத்தான் கிடக்கப்போகுது," என்றேன். "எனக்கும் இல்லாம யாருக்கும் இல்லாம."

"காலியா கிடக்காது," என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். தராசின்மேல் சகலை நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவள் அக்கா. சகலை தலையில் ஹெல்மெட். அக்கா கையில் ஒரு சைக்கிள். பழக்கப்பட்ட சைக்கிளாக இருக்கிறதே என்று பார்த்தால், மாடிப்படிக்கு அடியில் நான் போட்டு வைத்திருந்த என் பழைய சைக்கிள்.

"தொண்ணூத்தெட்டு," என்று செயலாளர் குரல் கொடுத்தார். "கனரகப் பிரிவு. அடுத்தவர்."

"அக்காவும் அவரைப் பத்திக் கவலைப்பட்டுக்கிட்டிருந்தா," என்றாள் மனைவி. "இப்படி ஒரு படி காலியா இருக்கு, சும்மா ரெண்டு சுத்து சுத்தினா போதும், எட்டாவது கோப்பை நிச்சயம்னு சொன்னேன். நாலு வாரமா மாமா சாயங்காலமானா ஓட்டிப் பழகறார். இல்லைன்னா அவரை அந்தச் சோபாவுலேர்ந்து யாரு எழுப்ப முடியும்?"

"அது என் படி."

"உங்களுக்குத்தான் எடை பத்தலையே."

என்னை நாற்பதுக்கு மேற்பட்டோர் பிரிவுக்கே திருப்பி அனுப்பினார்கள். கோபத்தில் மிதித்தேன். என்னை உட்கார வைத்த அந்த மேடு வந்தது. மூச்சு வாங்கியது, ஆனால் கண் இருட்டவில்லை. மேலே ஏறிவிட்டேன். ஏறிவிட்டோம் என்பதே எனக்கு மறுபக்கம் இறங்கும்போதுதான் உறைத்தது. நாலு சுற்றும் முடித்தேன். விசில்காரர் விசிலை வாய்வரைக்கும் கொண்டுபோய்விட்டு, என்னை அடையாளம் கண்டு, கீழே இறக்கினார். இருபத்திரண்டு பேரில் பதினேழாவது. வழியில் இரண்டு தடவை சகலையை வேறு தாண்டினேன். ஒரு தடவை அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். இன்னொரு தடவை ஒரு வேரின்மேல் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பதினேழில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம் இருந்தது. மனைவியிடம் சொல்லலாம் என்று தேடினேன். அவளும் அவள் அக்காவும் மேடைக்கு முன்னால் போய் இடம் பிடித்திருந்தார்கள்.

கனரகப் பிரிவில் மூன்று பேர் ஓட்டினார்கள், மூன்றாவதாக சகலை வந்தார். ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிட்டதும் சேறும் சிரிப்புமாக எழுந்து வந்தவர், வழியில் நின்ற என் கையில் சைக்கிளைத் திணித்தார்.

"சகலை, ஒரு நிமிஷம் பிடிச்சுக்குங்க. மேலே ஏறிட்டு வந்துடறேன்."

அவர் ஏறினார். படி ஒரு முனகு முனகியது. பேக்கரிக்காரர் நடுவில், மெக்கானிக் ஒரு பக்கம், சகலை மறுபக்கம். கழுத்தில் பதக்கம் போட்டார்கள், கையில் கோப்பை கொடுத்தார்கள். போட்டோக்காரர் காமெராவைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். பிறகு என்னைப் பார்த்துக் கையை அசைத்தார்.

"சைக்கிள் வச்சிருக்கிற ஒல்லி சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மேடை மறையுது."